பதினேழாம் நம்பர் தகடு

“பெட்டி காணாமப் போச்சுன்னு நான் அழல மேடம். அது எங்கேயோ மூச்சு முட்டிக்கிட்டுக் கிடக்கும். அதுக்குத்தான் அழறேன்.”

வானதி இதைச் சொன்னபோது மணி பத்தே முக்கால். தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போகிற சாலையில், வெட்டாறு தாண்டி ஒரு கிலோமீட்டரில் இருக்கிற எலெக்ட்ரான் கற்றை ஆய்வு மையத்தின் மீட்டிங் ஹாலில் அவளை உட்கார வைத்திருந்தார்கள். வாசலில் வாட்ச்மேன் மருதையன், விட்டால் ஓடிவிடுவாள் என்பதுபோல் கதவை அடைத்துக்கொண்டு நின்றார். மதியம் ஒரு மணிக்குள் பெட்டி வராவிட்டால் வானதி பேரில் போலீஸில் புகார். அது டைரக்டர் டாக்டர் இராஜாங்கத்தின் வாக்கு. புகார் டைப் ஆகி, அவர் கையிலிருந்த ஃபைலுக்குள் தயாராகவே இருந்தது.

சதீஷ் தன் முதலாளியைப் பார்த்தான். கமருன்னிஸா நாற்காலியை வானதிக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்திருந்தார். துப்பறியத் தொடங்குவதற்கு முன்னால் பன்னிரண்டு வருடம் அதிராம்பட்டினத்தில் படகு இன்சூரன்ஸ் சர்வேயர். புயலில் மூழ்கிப்போனதாக எழுதிக் கொடுத்த படகுகளை, பெயிண்ட் மாற்றி வேறு படகுத்துறையில் நிற்கும்போது கண்டுபிடித்தே பெயர் வாங்கியவர். யார் அழுதாலும் முதலில் தண்ணீர் கொடுப்பார், பிறகுதான் நம்புவதா வேண்டாமா என்று யோசிப்பார்.

“மூச்சு முட்டுதா? பெட்டியில என்ன, பூனைக்குட்டியா?” என்றான் சதீஷ்.

“தகடு சார். பதினேழாம் நம்பர் தகடு.” வானதி கண்ணைத் துடைத்தாள். “லீனியர் ஆக்சிலரேட்டர்னா, நீளமா ஒரு குழாய். அதுக்குள்ள எலெக்ட்ரானை நேர்கோட்டுல ஓட்டி வேகம் ஏத்துவாங்க. கேன்சர் ஆஸ்பத்திரியில கதிர் குடுக்குற மிஷின்கூட அதே வகைதான். ஆனா ஓடறதுக்கு முன்னாடி எலெக்ட்ரான் எங்கேயாவது பொறக்கணும்ல? அது இந்தத் தகட்டுல பொறக்குது. ஒத்த ரூபா காசு அளவுதான் இருக்கும். மேல ஒரு பூச்சு. லேசர் வெளிச்சம் பட்டா எலெக்ட்ரான் கொத்துக்கொத்தா கிளம்பும்.”

“அப்ப இது நாற்றங்கால்னு சொல்லுங்க.”

அவள் முதல் தடவையாக நிமிர்ந்து பார்த்தாள். “அதேதான் சார். பதினாறு நாற்றங்கால் கருகிப் போச்சு. மூணு வருஷம். இது ஒண்ணுதான் நானூறு மணி நேரம் டெஸ்ட்டுல நின்னுச்சு. இன்னும் நூறு மணி நேரம் ஓடினா போதும். நாளன்னிக்கு வர்ற ஆய்வுக் கமிட்டி முன்னாடி அதை ஆரம்பிக்கிறதா இருந்தோம்.”

“மூச்சு முட்டுதுன்னியே?” என்றார் கமருன்னிஸா.

“காத்து பட்டா அது செத்துடும் மேடம். அதனால காத்தே இல்லாத ஸ்டீல் பெட்டிக்குள்ள வச்சிருக்கோம். எட்டு கிலோ இருக்கும், கையில தூக்கிட்டுப் போகலாம். அதுல ஒரு பம்ப் ஓயாம ஓடணும். பம்ப்புக்குள்ள ரெண்டு பெரிய காந்தம். பிளக்கைப் பிடுங்கினா பேட்டரி அரை மணி நேரம் தாங்கும். அதுக்கு மேல தாங்காது.”

“அரை மணி நேரம்” என்று கமருன்னிஸா தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

நடந்தது இதுதான். காலை எட்டு மணிக்குப் பார்த்தால் அறையில் பெட்டி இல்லை. கதவின் மெமரியில் ஏழு நாலுக்கு வானதியின் கார்டு பதிவாகியிருந்தது. வானதியோ இரவு டியூட்டி முடித்து, ஆறு மணிக்கு வளாகத்திலேயே இருக்கிற ஹாஸ்டலில் படுத்துத் தூங்கிவிட்டதாகச் சொன்னாள். கார்டு அவள் கைப்பையில்தான் இருந்தது. இதைவிட வசதியான குற்றவாளி எந்த ஊரில் கிடைப்பாள்? பக்கத்து ஊரிலிருக்கும் அவள் அப்பா வீட்டுக்கு ஆளனுப்பி, பரண் வரைக்கும் குடைந்துவிட்டார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை.

“அவ அப்படிப்பட்டவ இல்ல சார். பிளீஸ்!” என்று டைரக்டரிடம் கெஞ்சிக்கொண்டிருந்தாள் மாளவிகா. வானதியோடு வேலை பார்ப்பவள், ஹாஸ்டலில் அவளோடு ஒரே அறை. சென்னைப் பெண். ஒன்பது மணிக்கே தஞ்சாவூர் கீழவாசலில் இருக்கிற கமருன்னிஸாவின் ஆபீஸுக்கு ஆட்டோவில் வந்து இறங்கி, “என் ஃபிரண்டைக் காப்பாத்துங்க” என்று கை கூப்பியவள் இவள்தான். அந்த அழுகையில் சதீஷ் அப்போதே பாதி கரைந்துவிட்டான். மீதியும் கரைந்துகொண்டிருந்தது என்பதை அவன் ஒப்புக்கொள்ளமாட்டான்.

“அப்படிப்பட்டவ இல்லாம, ஏழு மணிக்கு அவ கார்டு தானா நடந்து வந்துச்சா?” என்றார் இராஜாங்கம். “இந்தத் தகட்டோட ஒருத்தர் ரெண்டு வருஷம் ஜெர்மனிக்குப் போகலாம். ஒரே ஒரு இடம். அதை இவளுக்குத்தான் குடுத்தேன். அது போதாதுன்னு வேற எவனுக்கோ விக்கப் பார்த்திருக்கா. நன்றி கெட்ட ஜென்மம்!”

“சார், ஏழு மணிக்கு இந்தக் கட்டிடத்துல யார் முழிச்சிருந்தா?” என்று குறுக்கிட்டார் கமருன்னிஸா.

“நான் கேட்டுல இருந்தேம்மா” என்றார் மருதையன். “ஈ, காக்கா வெளிய போகல.”

“மனுஷங்க வேண்டாம். மிஷின்ல எது முழிச்சிருந்துச்சு?”

யாருக்கும் புரியவில்லை. வானதிதான் மெதுவாகச் சொன்னாள். “பக்கத்து ரூம்ல பழைய துப்பாக்கி ஓடிக்கிட்டிருந்துச்சு.”

“துப்பாக்கியா!” சதீஷின் முகம் மலர்ந்தது.

“எலெக்ட்ரான் துப்பாக்கி சார். யாரையும் சுடாது. அதுலேர்ந்து வர்ற கற்றை ஒரு திரையில விழும், பச்சைப் புள்ளியா தெரியும். நிமிஷத்துக்கு ஒரு போட்டோ தானா எடுத்துக்கிட்டே இருக்கும்.”

“பக்கத்துல காந்தம் போனா அந்தப் புள்ளி நகருமா?”

வானதி நாற்காலியை விட்டு எழுந்தே விட்டாள். “நகரும் மேடம்! அய்யோ, நான் எப்படி மறந்தேன்?”

“படகுல திசை காட்டுற காம்பஸ் பக்கத்துல பாட்டுப் பெட்டியை வச்சுட்டு, ராமேஸ்வரம் போறேன்னு கோடியக்கரைக்குப் போனவனை எனக்குத் தெரியும்” என்றார் கமருன்னிஸா. “வா, பார்ப்போம்.”

பக்கத்து அறைக் கம்ப்யூட்டரில் போட்டோக்களை ஒவ்வொன்றாகத் தள்ளினாள் வானதி. ஏழு அஞ்சு வரை புள்ளி நடுவில் சமர்த்தாக இருந்தது. ஏழு ஆறில் மேலே ஏறியிருந்தது. ஏழு ஏழில் மறுபடி நடுவில்.

“முன் வராண்டா வழியா பெட்டியைத் தூக்கிட்டுப் போனா புள்ளி கீழ இறங்கும். பின் வராண்டான்னா மேல ஏறும். டெஸ்ட்டைக் கெடுத்துட்டேன்னு இதுக்காகவே நான் திட்டு வாங்கியிருக்கேன்.” அவள் மேலே ஏறிய புள்ளியைத் தொட்டுக் காட்டினாள். “பின் வாசல் மேடம். பின் வாசல் வழியாத்தான் போயிருக்கு.”

“பின்னாடி வயல்தானே இருக்கு?” என்றாள் மாளவிகா. “வானு, உங்க அப்பாவோட...” சட்டென்று கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அறையில் எல்லோரும் கேட்டுவிட்டார்கள். வானதியின் முகம் வெளுத்தது. பாவம், உதவி செய்யப் போய் உபத்திரவம் பண்ணிவிட்டாளே என்று சதீஷ் மாளவிகாவுக்காகவும் வருத்தப்பட்டான்.

“ஒரு மணி” என்றார் இராஜாங்கம். “அதுக்கு மேல ஒரு நிமிஷம் கிடையாது.”

வெளியே வந்ததும் கமருன்னிஸா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வரப்பில் இறங்கினார். சதீஷ் பின்னால் ஓடினான்.

“அக்கா, ஆளு வண்டி வச்சு பட்டுக்கோட்டை தாண்டியிருப்பான். நாம வரப்புல கபடி ஆடிக்கிட்டிருக்கோம்.”

“இந்தப் பக்கம் வண்டி வராது. நடந்துதான் போகணும். பேட்டரி அரை மணி நேரம்தான். எடுத்தவங்களுக்குத் தகடு உயிரோட வேணும்னா அரை மணி நடைக்குள்ள பிளக் மாட்டியாகணும். வயல்காட்டுல கரண்ட் எங்க இருக்கும்?”

“மோட்டார் கொட்டாய்ல.”

“அவ்ளோதான்.”

“எடுத்தவங்களுக்குத் தகடு உயிரோட வேண்டாம்னா?”

“உடைக்கணும்னா அங்கேயே உடைச்சிருக்கலாமே. எட்டு கிலோவை ஏன் தூக்கணும்?”

கேள்வி கேட்ட ஜோரில் சதீஷ் காலைத் தப்பாக வைத்தான். முழங்கால் வரை சேறு. இடது செருப்பு உள்ளேயே தங்கிவிட்டது. கமருன்னிஸா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

குறுவை அறுவடை நடந்துகொண்டிருந்தது. முந்தின வாரம் பெய்த மழையில் பயிர் மொத்தமாகச் சாய்ந்து கிடந்தது. அறுவடை மிஷின் இறங்கினால் புதைந்துவிடும் என்பதால் பெண்கள் கருக்கருவாளோடு இறங்கியிருந்தார்கள். கண்ணுக்கெட்டிய தூரத்தில் மூன்று மோட்டார் கொட்டகைகள். மூன்றும் மூன்று திசையில். சதீஷ் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். பதினொன்று இருபது. ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்து, ஆள் தேடிப் பூட்டுத் திறந்து வருவதற்குள் வானதி ஜீப்பில் ஏறியிருப்பாள்.

கமருன்னிஸாவோ வரப்பில் உட்கார்ந்துவிட்டார். அறுப்புப் பெண்கள் கரையேறி மோர் குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மூத்தவள் அகிலாண்டம்.

“அக்கா, இது மோர் குடிக்கிற நேரமா?” என்று பல்லைக் கடித்தான் சதீஷ்.

“அந்த அருவாளைப் பாரு.”

அகிலாண்டம் தரையில் போட்ட அரிவாளும் பக்கத்திலிருந்த இன்னொன்றும் மெல்லத் திரும்பி, ணங் என்று மூக்கோடு மூக்கு ஒட்டிக்கொண்டன. அகிலாண்டம் சலித்துக்கொண்டே பிரித்துப் போட்டாள்.

“என்னங்க இது கூத்து?” என்றார் கமருன்னிஸா.

“காலைலேர்ந்து இதே ரோதனைம்மா. ஊக்கைக் கழட்டி வச்சா அது போயி அருவாள்ல ஒட்டிக்குது. பேய் பிடிச்சிருக்கு, மந்திரிக்கணும்ங்கறா மதுரம். பேய்க்கு வேற வேலையே இல்லையா, என் அருவாளைத்தான் பிடிக்கணுமா?”

“ராத்திரி அருவாளை எங்க போட்டுட்டுப் போனீங்க?”

“எப்பவும் போடற எடந்தான். பஞ்சநதம் அண்ணன் மோட்டார் கொட்டாயில, சாக்கு மேல. எட்டரைக்கு எடுக்க வந்தேன். சாக்கோட ஒட்டிக்கிட்டு வரமாட்டேன்னுச்சு. இழுத்தேன். அப்பவே எனக்கு நெஞ்சு திக்குன்னுச்சு.”

சதீஷின் நெஞ்சும் திக்கென்றது. வேறு காரணத்துக்காக. அரிவாளில் காந்தம் ஏறியது அங்கேதான். பஞ்சநதமோ வானதியின் அப்பா.

அகிலாண்டம் முன்னால் நடக்க, இருவரும் கொட்டகைக்குப் போனார்கள். பூட்டு இல்லை, கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். உள்ளே நடுவில் மோட்டார். மேலே ஒரு பல்பு எரிந்துகொண்டிருந்தது. மூலையில் சாக்குக் குவியல். சதீஷ் நாலு சாக்கைத் தூக்கினான். பளபளவென்று ஸ்டீல் பெட்டி. பக்கவாட்டில் சின்னதாக ஒரு பச்சை விளக்கு எரிந்தது.

உயிரோடு இருக்கிறது! ஆனால் சந்தோஷப்படுவதா வேண்டாமா என்று அவனுக்குத் தெரியவில்லை. அந்தப் பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டு நாற்றங்கால் கதை சொன்னது அத்தனையும் நடிப்பா? அவன் தலையில் நன்றாக மிளகாய் அரைத்துவிட்டாளா?

“போச்சுக்கா. அவளேதான்” என்றான்.

கமருன்னிஸா பெட்டியைப் பார்க்கவேயில்லை. பெட்டியிலிருந்து கிளம்பிய வயரைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது சாக்குக்கு அடியில் புகுந்து, மோட்டாரைச் சுற்றி, எதிர்ச் சுவருக்குப் போனது. அங்கே மேலும் கீழுமாக இரண்டு பிளக் பாயின்ட். கீழே இருப்பதை மருந்தடிக்கிற டப்பா மறைத்துக்கொண்டிருந்தது. வயர் அந்தக் கீழ்ப் பாயின்டில் செருகியிருந்தது. அதன் காலடியில், ஒரு சிவப்புக் குட்டி பல்பு பிளக்கோடு கழற்றிப் போடப்பட்டுக் கிடந்தது.

கமருன்னிஸா அதை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “இது என்னங்க, திருவிழா விளக்கா?”

“அய்ய, அதை யாரு கழட்டுனது? மருந்து டப்பாவை யாரு இங்க நகர்த்துனது?” என்றாள் அகிலாண்டம். “அதான் த்ரீ ஃபேஸ் விளக்கு. மூணு லைனும் வந்தாத்தானே மோட்டார் ஓடும்? வந்துச்சுன்னா அது எரியும். தூரத்துலேர்ந்தே பார்த்துக்கலாம். அதான் சங்கதியா! காலைலேர்ந்து எரியலையேன்னு அண்ணன் லைன்மேனுக்குப் போன் மேல போன் போட்டுக்கிட்டிருக்காரு. பக்கத்துக் கொட்டாயில மோட்டார் ஓடுது, நமக்கு மட்டும் வரலையேன்னு.”

“மேல எரியுதே இந்த பல்பு?”

“அது எப்பவும் எரியுமே. மூணாவது லைன் போனாலும் மத்த ரெண்டு லைன் இருக்கும். மேல இருக்கிற பாயின்டும் அப்படித்தான், எப்பவும் கரண்ட் இருக்கும். கீழதுதான் மூணாவது லைனு. இந்த வாரம் நமக்குக் காலை முறை. ஆறு மணிக்கு வந்தா பன்னண்டுக்கு டாண்ணு போயிரும்.”

கமருன்னிஸா மணி பார்த்தார். பதினொன்று முப்பத்தெட்டு. பிறகு ஒரு காரியம் செய்தார், அதைப் பார்த்து சதீஷுக்கு மயக்கமே வந்துவிட்டது. சாக்குகளை எடுத்து, இருந்தது இருந்தபடியே பெட்டியின் மேல் அடுக்கினார். மருந்து டப்பாவைத் தள்ளிக் கீழ்ப் பாயின்டையும் சரியாக மறைத்தார்.

“டைரக்டர், மாளவிகா, வானதி, மூணு பேரையும் இங்க வரச் சொல்லு. பன்னண்டுக்கு முன்னாடி வந்தாகணும். பெட்டி கிடைச்சதுன்னு மூச்சு விடாதே. சின்னத் தடயம், அவ்ளோதான்.”

“அக்கா, பன்னண்டு மணிக்கு அந்த லைன் போயிடும்ங்கறாங்க. தகடு செத்துடும்!”

“அதுக்கப்புறம் அரை மணி பேட்டரி இருக்கு. நமக்கு அரை நிமிஷம் போதும். போனைப் போடு.”

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். வேர்த்து விறுவிறுத்து இராஜாங்கம், அக்குளில் அந்த ஃபைல். மருதையன் காவலில் வானதி. செருப்பைக் கையில் பிடித்தபடி மாளவிகா. செய்தி கேட்டு மடித்துக் கட்டிய வேட்டியோடு ஓடிவந்த பஞ்சநதம் வாசலிலேயே நின்றுகொண்டார். அங்கிருந்தே மகளைப் பார்த்தார். அறுப்புப் பெண்கள் அவருக்குப் பின்னால் கூடிவிட்டார்கள்.

“இது யார் கொட்டகைன்னு தெரியுதுல்ல?” என்றார் இராஜாங்கம்.

“தெரியுது சார். ஒரே ஒரு சந்தேகம்” என்று ஆரம்பித்தார் கமருன்னிஸா. ஆரம்பித்தவர் மல்லிப்பட்டினத்துப் படகு ஒன்றைப் பற்றி வளவளவென்று சொல்லிக்கொண்டே போனார். படகின் நீளம், அகலம், சொந்தக்காரரின் மச்சான் பெயர்! சதீஷ் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இராஜாங்கம் கழுத்தைச் சொறிந்தார். தூரத்தில் பக்கத்துக் கொட்டகை மோட்டார் தடதடத்துக்கொண்டிருந்தது.

திடீரென்று அந்தச் சத்தம் நின்றது.

மணி பன்னிரண்டு. தலைக்கு மேல் பல்பு அசையாமல் எரிந்தது. கொட்டகைக்குள் ஒன்றுமே மாறவில்லை.

பீப்... பீப்... பீப்...

மூலைச் சாக்குக் குவியலுக்குள்ளிருந்து வந்தது சத்தம். இராஜாங்கம் திரும்பினார். மருதையன் திரும்பினார். வாசலில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். அத்தனை தலையும் சாக்கின் பக்கம் திரும்ப, ஒரே ஒருத்தி மட்டும் எதிர்ப் பக்கம் பாய்ந்தாள். மருந்து டப்பாவை ஒதுக்கி, அதற்குப் பின்னால் கையை விட்டு, பிளக்கை அழுத்து அழுத்தென்று அழுத்தினாள்.

“கரண்ட் இருக்கே! பல்பு எரியுதே! ஏன் அடிக்குது?” என்றாள் மாளவிகா.

இதற்குள் வானதி சாக்குகளை வாரி எறிந்திருந்தாள். பெட்டியைப் பார்த்தாள். பச்சை விளக்கு சிவப்பாகியிருந்தது. யாரையும் பார்க்காமல், ஒன்றும் கேட்காமல், வயரைத் தொடர்ந்து வந்து மாளவிகாவின் கையைத் தட்டிவிட்டாள். கீழ்ப் பாயின்டிலிருந்து பிளக்கை உருவி மேல் பாயின்டில் செருகினாள். சத்தம் நின்றது.

“கீழ இருக்கறது மூணாவது ஃபேஸ்டீ” என்றாள் மூச்சு வாங்க. “பன்னண்டுக்கு மேல அதுல எதுவும் வராது...”

வாக்கியத்தை முடிக்காமல் நிறுத்தினாள். மெதுவாகத் திரும்பி மாளவிகாவைப் பார்த்தாள்.

“பார்த்தீங்களா!” என்று குதித்தார் இராஜாங்கம். “அவ அப்பன் கொட்டகை, அவ ஒளிச்சு வச்ச பெட்டி. எதுல சொருகணும்னுகூட அவளுக்குத்தான் தெரியுது! இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?”

“இதேதான் சார் சாட்சி” என்றார் கமருன்னிஸா. இப்போது அவர் குரலில் வளவளப்பு இல்லை. “எதுல சொருகணும்னு தெரிஞ்ச பொண்ணு, தப்பானதுல ஏன் சொருகணும்? இந்தக் கொட்டகையில பிறந்து வளர்ந்தவ. பன்னண்டு மணிக்கு மேல அந்தப் பாயின்ட் செத்துடும்னு இவளுக்குத் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் தெரியும். மூணு வருஷ உழைப்பை அதுலயா மாட்டுவா? பக்கத்துலயே நல்ல பாயின்ட் இருக்கையில? மாட்டினவங்களுக்குக் கொட்டகை தெரியும், கரண்ட் தெரியாது. எந்நேரமும் பல்பு எரியறதைப் பார்த்து, எந்நேரமும் எல்லாத்துலயும் கரண்ட் இருக்கும்னு நம்பிட்டாங்க. மறைவா இருக்கட்டும்னு கீழ்ப் பாயின்டைத் தேடி, த்ரீ ஃபேஸ் விளக்கை ஏதோ அலங்கார விளக்குன்னு கழட்டிப் போட்டிருக்காங்க. இந்த ஊர்க்காரங்க யாரும் அதைத் தொடமாட்டாங்க.”

“வெளியாள் யார் வேணா வந்திருக்கலாமே!”

“வந்திருக்கலாம். ஆனா சத்தம் அந்த மூலையில கேட்டுச்சு. நீங்க எல்லாரும் அங்க பார்த்தீங்க. பிளக் எங்க இருக்குன்னு நான் யார்கிட்டயும் சொல்லலையே? டப்பாவுக்குப் பின்னால இருக்கிறது இந்தப் பொண்ணுக்கு மட்டும் எப்படி சார் தெரிஞ்சுது?”

மாளவிகாவின் கை இன்னும் அந்தக் காலிப் பாயின்டின் மேலேயே இருந்தது.

“பல்பு எப்பவும் எரிஞ்சுதே” என்றாள் அவள், மிகவும் சின்னக் குரலில். “ஞாயித்துக்கிழமை நாம குளிக்க வர்றப்பல்லாம் எரிஞ்சுதே வானு.”

காலையில் ஆட்டோவிலிருந்து இறங்கி வந்த அந்த அழுகை! தோழியை மாட்டிவிட ஆள் பிடிக்க வந்தவளுக்கு அவன் டீ வாங்கிக் கொடுத்து, பிஸ்கட்டும் நீட்டியிருந்தான்.

“எதுக்குடீ?” என்றாள் வானதி.

“தகட்டைக் கொல்லணும்னு நினைக்கல. சத்தியமா. அது உயிரோட கிடைக்கணும்னுதான் இவங்களைக் கூட்டிட்டு வந்தேன். நீ இல்லேன்னா மீதி நூறு மணி நேரத்தை நான் ஓட்டியிருப்பேன். ஜெர்மனிக்கு ஒருத்தர்தானே... பதினாறு தகடு கருகினப்பவும் நானும் உன்கூடத்தானே முழிச்சிருந்தேன்?”

“முழிச்சிருந்தே. நான் இல்லைன்னு சொல்லல. என் கார்டை எப்ப எடுத்தே?”

“நீ தூங்கிட்டிருந்தே.”

வானதி சுவரில் சாய்ந்துகொண்டாள். அவளுக்கு இப்போது கோபம்கூட வரவில்லை, உடம்பு முழுக்க வலித்தது. அகிலாண்டம் உள்ளே வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

இராஜாங்கம் தொண்டையைக் கனைத்தார். கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். குரல் தேனாகிவிட்டது.

“சரி சரி. பெட்டி கிடைச்சாச்சு. தகடும் பத்திரம். நாளன்னிக்கு கமிட்டி வருது. இது வெளிய தெரிஞ்சா மையத்துக்கே அசிங்கம். உள்ளுக்குள்ளயே பேசித் தீர்த்துக்குவோம். மாளவிகா, நீ ஹாஸ்டலுக்குப் போம்மா. சின்ன வயசு, ஏதோ புத்தி கெட்டுப் பண்ணிட்டே. வானதி, நீ பெட்டியை எடுத்துட்டு வா. வேலையைப் பார்ப்போம்.”

வானதி நகரவில்லை.

“சார், எனக்கு ஒரு மணி வரைக்கும் டைம் குடுத்தீங்க. மாளவிகாவுக்கு எவ்வளவு குடுத்திருக்கீங்க?”

“இப்ப அதையெல்லாம் ஏன்...”

“காலையில எட்டு பேர் முன்னாடி என்னைத் திருடின்னு சொன்னீங்க. எங்க வீட்டுல ஆளை விட்டுப் பரணைக் குடைஞ்சீங்க. நானும் சின்ன வயசுதான் சார். அவளுக்கும் எனக்கும் ஒரே வயசு.”

அவள் கத்தவில்லை. ஆனால் வாசலில் நின்ற கடைசிப் பெண் வரைக்கும் கேட்டது. இராஜாங்கம் ஃபைலை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

“டைப் பண்ணினது வீண் போக வேண்டாம் சார்” என்றான் சதீஷ். “பேரை மட்டும் மாத்தினா போதும். பேனா வேணும்னா நான் தர்றேன்.”

கமருன்னிஸா அவனை அதட்டவில்லை. வழக்கமாக அதட்டுவார்.

இராஜாங்கம் கூட்டத்தைப் பார்த்தார். அரிவாளும் கையுமாகப் பதினைந்து பெண்கள், ஒருத்தியும் கண்ணைத் தாழ்த்தவில்லை. “மாத்தறேன்” என்றார் கடைசியில்.

“எங்கிட்ட சொல்ல வேணாம் சார்” என்றாள் வானதி. “அவர்கிட்ட சொல்லுங்க.”

வாசலில் பஞ்சநதம் அதே இடத்தில், காலில் சேறு காய்ந்து நின்றிருந்தார். இராஜாங்கம் அவர் பக்கம் திரும்பினார். எத்தனையோ மேடையில் பேசியவர் மூன்றே வார்த்தைதான் பேசினார்.

“உங்க பொண்ணு எடுக்கலைங்க” என்றார்.

பஞ்சநதம் தலையாட்டினார்.

“அது எனக்குத் தெரியும் சார். உங்களுக்கு எப்பத் தெரியப்போகுதுன்னுதான் காலைலேர்ந்து காத்துக்கிட்டிருக்கேன்.”